எந்தக் கிளி

பேசி முடித்து, போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, பால் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மனைவி கடைசியாகச் சொன்னது என்ன என்று குற்றாலலிங்கத்துக்கு விளங்கியது. இப்போதெல்லாம் இப்படித்தான் ஆகிறது. சொற்கள் முழுதாக வருவதில்லை. ஓரம் உடைந்து உடைந்து வந்து விழுகின்றன. மனசு பிறகு உட்கார்ந்து அவற்றைப் பொருத்திப் பார்த்து, இது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வருகிறது. அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரு 'ம்' போட்டு வைப்பது. இன்றைக்கும் பிரமநாயகி கோயம்புத்தூரில் மகள் வீட்டிலிருந்து, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள், ம். குளிர் எப்படி இருக்கு என்று கேட்டாள், அதற்கும் ம், அது பொருந்தாத பதில் என்று உறைத்ததும் பரவாயில்லை என்று சேர்த்துக்கொண்டார். பிறகு அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதற்கும் ஒரு ம். அவள் வைத்துவிட்டாள். சிரிப்பு நன்றாகக் கேட்டது. சிரிப்புக்கு முன்னால் வந்ததுதான் இப்போது பாலில் ஏடு கூடுவதுபோல மெல்லக் கூடி வந்தது. "கிளி கத்துதே, கேக்குதா?"

அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார். தண்ணீர்த் தொட்டி, துவைகல், அதற்கு அப்பால் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் சோலை. மலையின் மடிப்பில் ஓடை இருக்கும் இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்கும் குட்டைக்காடு. நடுப்பகலிலும் உள்ளே பாதி வெளிச்சம்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது. எங்கேயோ ஒரு கருமந்தி வயிற்றிலிருந்து குரலெடுத்து உறுமியது, அது கேட்டது. கீழ் வளைவில் வத்தலக்குண்டு பஸ் கியர் மாற்றித் திணறியது, அதுவும் கேட்டது. எல்லாம் கேட்கிறதே. கிளி மட்டும் இல்லை. இல்லாதது எப்படிக் கேட்கும்? பங்குனி பிறந்தால் பாட ஆரம்பித்துவிடும் பறவை, சித்திரையும் பாதி போய்விட்டது, ஒரு சத்தம் இல்லை. தினமும் விடியலில் இதே கதவில் நின்று பார்த்தாயிற்று. இல்லை என்று ஆனதால்தானே அதைப் பற்றி எழுதினோம், எழுதியதைப் பதிவு செய்தோம், இதோ நம் ரேடியோ நிலையத்தில் காலைச் செய்தி முடிந்ததும் அது ஒலிபரப்பாகப் போகிறது. இந்த நேரத்தில் வந்து, கிளி கத்துதே என்றால் எந்தக் கிளி?

அதுதான், எந்தக் கிளி. அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். மலையில் அந்தப் பறவைக்குச் சோலைக்கிளி என்று பெயர். பச்சையும் கிடையாது, வளைந்த மூக்கும் கிடையாது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் உடம்பு, மழைமேகத்தின் நிறம், வயிற்றில் மட்டும் வெள்ளை, குச்சிக் கால். மரத்தில் உட்காருவதைவிட ஈரத்தரையில் தத்தித் திரிவதுதான் அதிகம். மதுரையிலிருந்து மாறி இங்கே வந்த புதிதில், வீட்டுச் சொந்தக்காரர் அதோ கிளி என்று காட்ட, புருஷனும் பெண்டாட்டியுமாகக் கழுத்து வலிக்க மரத்து உச்சியில் பச்சையைத் தேடிக்கொண்டு நின்றார்கள். அது பிரமுவின் செருப்புக்குப் பக்கத்தில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. "காக்காய்க்குத் தங்கச்சி மாதிரி இருக்கு, இதைப் போய்க் கிளிங்காங்களே" என்று அவள் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அது விடியலில் பாடிய அன்றைக்குச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஒரு மெல்லிய சீழ்க்கையில் தொடங்கி, படியேறுவதுபோல மேலே மேலே போய், உச்சியில் சின்ன ஒரு கீறலோடு நின்றுவிடும். நின்றபின்னும் காது அடுத்த படிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஆனால் பிரமுவுக்கு இப்போது கோயம்புத்தூரில் வேறு கிளிகள் இருக்கின்றன. மகள் நித்திலாவின் குடியிருப்புக்கு எதிரே வேப்பமரம், அதில் அசல் பச்சைக்கிளிகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன என்று போன மாதம் சொன்னாள். அது மட்டுமா, பேத்தியையே அவள் கிளி என்றுதான் கூப்பிடுகிறாள். எங்க கிளி சிரிச்சுது, எங்க கிளி குப்புற விழுந்துது. அப்படியானால் கத்தியது குழந்தையாகவும் இருக்கலாம். தாத்தா காதில் பேத்தியின் சத்தம் விழட்டுமே என்று, கிளி கத்துதே கேக்குதா என்றிருக்கலாம். மூன்று கிளி. மூன்றில் இரண்டு அங்கே இருக்கின்றன. அவள் சொன்னது அங்கே இருக்கிற கிளியைத்தான். அங்கே இருப்பவள் இங்கே இருக்கிறதை ஏன் சொல்லப்போகிறாள்? ஆனால் கேக்குதா என்று கேட்டபோது அவள் குரலில் ஒரு பழைய குழைவு இருந்தது. இந்த வீட்டில் விடியலில் போர்வைக்குள் இருந்தபடி, கேக்குதா என்பாளே, அந்தக் குழைவு. அவள் காது கூர்மை. போனில் இவருடைய மூச்சுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் எடுத்துவிடுவாள். குக்கர் எத்தனையாவது விசில் என்று அங்கிருந்து சொல்வாள். அப்படியென்றால் இந்தக் கதவுக்கு வெளியே, வேலிக்கு அந்தப்பக்கம், இதோ இப்போதுகூட அது பாடிக்கொண்டிருக்கிறதா? திரும்பக் கூப்பிட்டு எந்தக் கிளி என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. போனைக் கையில் எடுத்தார். பாலை டம்ளரில் ஊற்றினார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அதன் வலப்பக்கக் கண்ணாடியில் சுண்ணாம்பு வழிந்ததுபோல வெள்ளைக் கோடு. பறவை எச்சம். சட்டைத் துணியால் துடைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். இதைத் துடைப்பது புதிதல்ல. போன வாரமும் துடைத்தார், அதற்கு முன்னும் துடைத்தார். ஏதோ பறவை என்று துடைத்தார். சோலைக்கிளிக்குக் கண்ணாடியைக் கண்டால் ஆகாது. உள்ளே இன்னொருவன் தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கொத்தும், அங்கேயே கழியும். அலகு பெயர்ந்துவிடும் என்று பிரமுதான் அவருடைய பழைய காலுறை ஒன்றைக் கண்ணாடிக்கு மாட்டிவிட்டாள். ஆபீஸுக்குப் போகும்போது கழற்று, வந்ததும் மாட்டு. மலையில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பறவைதான் போய்விட்டதே என்று இவர் அந்தக் காலுறையைப் பங்குனிக் கடைசியிலேயே எடுத்துவிட்டார். எச்சம் ஈரமாக இருந்தது. வேறு பறவைக்கும் எச்சம் உண்டு. மைனா வரும், கொண்டைக்குருவி வரும். உன் கண் பார்த்ததைக்கூட நீ ஏன் பார்க்கவில்லை? காது காட்டாத இடத்துக்குக் கண் போவதில்லை, அவ்வளவுதான். சத்தம் கேட்ட பிறகுதான் எப்போதும் தேடியது. சத்தம் இல்லை, தேடவில்லை, இல்லை என்று ஆகிவிட்டது. ஸ்கூட்டரை எடுக்கப் பிடிக்கவில்லை. நடந்தே போகலாம் என்று கிளம்பினார். நடந்தால் சோலை ஓரமாகப் போகலாம், கேட்டுக்கொண்டே போகலாம். செய்திக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பாதையில் விரலையும் விரலையும் காதருகே தேய்த்துப் பார்த்தார். இடக்காதில் ஒன்றும் இல்லை. வலக்காதில் ஏதோ இருந்தது, அல்லது விரல் தேய்வது தெரிவதால் இருப்பதாகத் தோன்றியது. சாவிக்கொத்தை ஆட்டினார். கேட்டது, ஆனால் அது சாவிக்கொத்தின் சத்தம் இல்லை, துணிமூட்டைக்குள் சாவியை ஆட்டியதுபோல ஒரு மொத்தைச் சத்தம். பனியில் எல்லாமே அமுங்கித்தான் கேட்கும். முப்பது வருஷம் காதை வைத்துப் பிழைத்தவன் நான். ரெக்கார்டிங் தியேட்டரில் நாடா ஓடிய காலத்தில், பத்தாயிரம் ஹெர்ட்ஸ் என்ற உச்சக் கீச்சுச் சத்தத்தை ஓடவிட்டு, நாடா உரசும் ஹெட்டின் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, மீட்டரைப் பார்க்காமலே இங்கே நிறுத்து என்று சொன்னவன். குற்றாலம் காதா, கம்ப்யூட்டரா என்பார்கள். அந்தப் பத்தாயிரத்தைக் கடைசியாக எப்போது கேட்டாய்? நிலையத்தில் பொத்தானை அழுத்தினால் வரும். ஏன் அழுத்துவதில்லை? தேவை இல்லை, இப்போது எல்லாம் தானாகவே நடக்கிறது. அது பதில் இல்லை. சில்வண்டு. சட்டென்று அவர் நடுப்பாதையில் நின்றார். வெயில் ஏற ஏறச் சோலை முழுக்கச் சில்வண்டு இரையுமே, பிரமு தலைவலி என்று ஜன்னலைச் சாத்துவாளே, அதை எப்போது கேட்டோம்? இந்த வருஷம் இல்லை. போன வருஷம்? போன வருஷம் அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கிறது. அமைதி. அதைப் போய்ச் சோலைக்கு வந்த அமைதி என்று நினைத்தோமா. அந்தக் கேள்வியைத் தடுத்து நிறுத்துவதுபோல, ஒரு எண்ணம் வந்தது: இல்லை, பறவைதான் போய்விட்டது, பூச்சியும் போய்விட்டது, காடு கெட்டுப்போச்சு, ரிசார்ட்டுக்காரன் ரோடு போட்டான், மருந்து அடித்தான், அதனால்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இருக்கட்டும். அப்படியே இருக்கட்டும் என்று மனசு கையெடுத்துக் கும்பிட்டதை அவர் கண்டார். வெட்கமாக இருந்தது. இந்த மலையை விட்டால் வேறு எங்கும் போக்கிடம் இல்லாத ஒரு சின்ன உயிர், அது வம்சத்தோடு அழிந்து போயிருக்கட்டும், என் காது மட்டும் நன்றாக இருந்தால் போதும் என்றா வேண்டினேன்? ஆமாம், அதைத்தான். அந்த நிகழ்ச்சியில் உருகி உருகிப் பேசியது யார் அப்போது?

டீக்கடையில் அய்யாவு பாய்லரைத் தட்டிக்கொண்டிருந்தார். மேலே தட்டில் ரேடியோ, விளம்பரம் ஓடியது. இவரைக் கண்டதும், "வாங்க சார். இன்னிக்கு உங்க கிளிக்குக் கருமாதியாம்ல ரேடியோவில?" என்றார்.

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

"செய்தி முடிஞ்சதும் வரும்" என்றார் குற்றாலலிங்கம்.

"வடை பாயாசம் உண்டா?"

"அய்யாவு, ஒண்ணு கேக்கறேன். இந்த வருஷம் அது கத்தி நீங்க கேட்டீங்களா?"

"எது?"

"கிளி."

அய்யாவு டீயை ஆற்றியபடி யோசித்தார். "எனக்கு எது கத்துனாலும் ஒண்ணுதான் சார். காலங்காத்தால கீச்சுக்கீச்சுன்னு எதுவோ கத்திக்கிட்டுத்தான் கெடக்கு. அது கிளியா குருவியான்னு பேரு கேட்டுட்டா டீ போடுறேன்? நீங்க போயிருச்சுன்னு சொன்னீங்க, சரி, படிச்சவங்க சொன்னா போயிருக்கும்னு விட்டுட்டேன்."

நீங்க சொன்னீங்க. ஆமாம், சொன்னோம். இந்தக் கடையில் சொன்னோம், பஸ் ஸ்டாப்பில் சொன்னோம், நிலையத்தில் சொன்னோம். ஒருத்தரும் மறுக்கவில்லை. ஒரு மனுஷன் துக்கமாக ஒன்றைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. அந்தத் துக்கம்கூட, சொல்லச் சொல்ல, நன்றாகத்தான் இருந்தது. யாருமில்லாத வீட்டுக்குத் திரும்பும்போது, பறவையும் இல்லை என்று சொல்லிக்கொண்டால் வீடு ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. மகள் பிரசவத்துக்குப் போன பிரமு, பேத்தி தவழத் தொடங்கியும் இன்னும் திரும்பவில்லை. முதலில் பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், பிறகு மலைக்குளிர் முழங்காலுக்கு ஆகாது என்றாள், பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். இவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்ற பயம். பெட்டி கட்டிய அன்றைக்கே ஒன்று சொன்னாள். "உங்ககிட்ட பேசுததுக்கு அந்தக் கிளிகிட்ட பேசலாம். அதாவது பதில் சொல்லுது. நான் பேசுதது எதையும் நீங்க காதுலயே போட்டுக்கிட மாட்டீங்க." எல்லாப் பெண்டாட்டியும் சொல்வதுதானே என்று அன்றைக்கு அதையும் விட்டார். காதில் போட்டுக்கொள்வது. எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை. அதற்குள் இப்படி ஒரு நேரான அர்த்தம் உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டது? சமையல்கட்டிலிருந்து அவள் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை, பேசி முடித்து அவள் நிலைப்படியில் வந்து நின்று இவரைப் பார்த்த பார்வைதான் வந்தது. அப்போதெல்லாம் ஏதாவது சொன்னாயா என்று கேட்கத் தோன்றாமல், ம் என்றிருக்கிறோம். ம் என்றால் ஆமாமா, சரியா, போதும் விடுவா? அவளுக்கு மூன்றாவதுதான் கேட்டிருக்கும்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏறினார். துவைகல். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். மேலே நிலையத்தின் கம்பம் பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. கம்பத்தைப் பார்த்து நட. துவைகல் பக்கத்தில் அவள் வழுக்கி விழுந்தது, ஊருக்குப் போவதற்கு முந்தின ஐப்பசி மழையில். இவர் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கதவு, ஒரு நடை, இன்னொரு கதவு, அவ்வளவுதான் தூரம். அவள் தானாகவே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சேலை முழுக்கச் சேறாக உள்ளே வந்து நின்றாள். இவர் பதறி எழுந்து, ஐயோ, என்ன ஆச்சு, என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று கேட்டார். நெடுநேரம் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலியில் பார்க்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தார். வீம்புக்காரி, உதவி கேட்க மாட்டாள், கூப்பிட்டிருக்க மாட்டாள் என்று இத்தனை நாளும் நினைத்தார். கீழே கிடந்து, வலியில், மூச்சுப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண்பிள்ளைக் குரல் எந்த அளவு எழும்பும்? எவ்வளவு உச்சத்தில் எழும்பும்? அதை ஒரு ஒலிப்பதிவுக்காரன் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அவர் கணக்குப் போடவில்லை. கால்தான் வேகமாக நடந்தது.

மேல்மலைப் பண்பலை என்ற பலகைக்குக் கீழே செருப்பைக் கழற்றும்போதே அறிவிப்பாளர் ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள். கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே வேலை பார்க்கும் பெண். உள்ளே செய்தி ஓடிக்கொண்டிருந்தது, பெரிய நிலையத்திலிருந்து வாங்கி அப்படியே அஞ்சல் செய்வது, அது முடியும்வரை அவளுக்கு வேலை இல்லை.

"சார், வந்துட்டீங்களா? உங்க நிகழ்ச்சியை இப்பத்தான் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டேன். அழ வச்சுட்டீங்க சார்."

"ம்."

"நிஜமாத்தான். பேசுறது ஒரு பக்கம். ஆனா பின்னாடி அந்தக் கிளிச் சத்தத்தைப் போட்டீங்க பாருங்க, அங்கதான் சார் நீங்க நிக்கிறீங்க. இல்ல இல்லன்னு நீங்க சொல்லச் சொல்ல, அது பின்னாடி பாடிக்கிட்டே இருக்கு. செத்துப்போனவங்க குரலைக் கேக்கற மாதிரி இருந்துச்சு. பழைய ரெக்கார்டிங்தானே? எந்த வருஷத்துது சார்?"

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். வினாடி முள் நகர்ந்தது. அது நகரும்போது ஒரு சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

"சார்?"

"பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எடிட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நிகழ்ச்சியைத் திறந்தார். காதில் ஹெட்போனை மாட்டவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டு, மீட்டரை மட்டும் பார்த்தார். முதலில் அவருடைய குரல், பச்சைக்கோடு தடித்துத் தடித்து எழுந்தது. பிறகு அவர் பேச்சை நிறுத்தி, சோலையின் அமைதியைக் கேளுங்கள் என்று விட்ட இடைவெளி. அன்று விடியலில் ஓடைக்கரையில் மைக்கை நட்டுவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் துக்கத்தின் ஆழத்தில் சுகமாக உட்கார்ந்து பிடித்த அமைதி. அந்த அமைதி நன்றாக எடுபட வேண்டும் என்று அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் கூட்டியும் வைத்திருந்தார். கோடு படுத்துக் கிடந்தது. பிறகு ஒரு துடிப்பு. சின்னதாக ஒன்று, அதைவிட உயரமாக ஒன்று, அதைவிட உயரமாக ஒன்று, இன்னும் ஒன்று, உச்சியில் கீறலாக ஒன்று. பிறகு படுத்துக்கொண்டது. மறுபடி எழுந்தது. படி படியாக. கேட்டால் கண்ணில் நீர் வரும் என்று அவர் பலரிடம் சொல்லியிருந்த பாட்டை அவர் கண்ணால் பார்த்தார். இதை எடிட் செய்த அன்றும் இந்தத் துடிப்பு தெரிந்தது. பார்த்தேன். காற்று மைக்கில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். காற்று இப்படிப் படியேறாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் காற்று என்றேன். இப்போது இவ்வளவு போதும், அந்தப் பெண்ணே வழி காட்டிவிட்டாள்: பழைய பதிவு என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நிகழ்ச்சிக்குப் பெயர் வரும், விருதுக்குக்கூட அனுப்பலாம். காது காதாகவே இருக்கும். பறவை இல்லாததாகவே இருக்கும். பிரமு, காதில் போட்டுக்கொள்ளாத மனுஷனின் பெண்டாட்டியாக, வேப்பமரத்துக் கிளிகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பாள். நல்ல காதும் கெட்ட மனசும் உள்ளவன். அப்படி ஒரு பெயரோடு வாழ்ந்துவிடலாம் போலத்தான் இருக்கிறது, இத்தனை நாள் வாழ்ந்தாயிற்றே. கோடு மறுபடி படியேறியது. அதற்கு யாரும் சொல்லவில்லை, தான் இல்லை என்று. ஓடைக்கரையில், தன் இரங்கலுக்குத் தானே வந்து உட்கார்ந்து, நடுநடுவே, இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இவர் ம் என்றுகூடச் சொல்லவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். செய்தி முடியப் போகிறது என்பது ரோஸ்லின் ஸ்டுடியோக் கதவில் கை வைத்திருந்ததைப் பார்த்தே தெரிந்தது.

"அது பழசு இல்லம்மா" என்றார். "அன்னைக்கு எடுத்ததுதான்."

"அப்ப கிளி இருக்குதே சார்."

"இருக்கு."

"அப்புறம் ஏன் சார் இல்லன்னு சொல்லிட்டீங்க?"

"எனக்குக் கேக்கல."

அவள் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினாள். "இப்ப என்ன சார் செய்யறது? நிப்பாட்டிட்டு ரெண்டு பாட்டுப் போட்டுரவா?"

"வேண்டாம். போடு. முடிஞ்சதும் நீ ஒரு வரி சொல்லு. பின்னாடி கேட்டது இந்த வருஷத்துக் கிளி, சோலையில இருக்குன்னு."

"உங்களைப் பத்தி?"

"காது மந்தம்னு சொல்லு."

"ஐயோ, நான் சொல்ல மாட்டேன். கிளி இருக்குன்னு மட்டும் சொல்றேன்" என்றபடி அவள் உள்ளே ஓடினாள். கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் நிலையத்தின் பின்பக்கம், கம்பத்தின் அடிக்கு வந்தார். அங்கிருந்து பார்த்தால் தன் வீட்டுத் தகரக்கூரை தெரியும், அதை ஒட்டிச் சோலையின் கருமை தெரியும். பனி விலகத் தொடங்கியிருந்தது. கீழே அய்யாவு கடை ரேடியோவில் தன் குரல் பேசுவது காற்றில் மிதந்து வந்தது, வார்த்தை இல்லாமல் வெறும் முழக்கமாக. வேறு யாரோ ஒருவர் எதற்கோ வருத்தப்படுவதுபோல இருந்தது. அவர் போனை எடுத்தார். மணி போகும்போதே அவள் எடுத்துவிட்டாள், கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"ஏங்க, போன்லதான் கேட்டுக்கிட்டு இருக்கேன் உங்க புரோகிராமை. நித்திலா போட்டுக் குடுத்தா. நீங்க போயிட்டு போயிட்டுங்கீங்க, அது உங்களைக் கேலி பண்ணுத மாதிரி பின்னாலயே கத்திக்கிட்டுக் கெடக்கு. என்ன புரோகிராம் இது?"

"காலைல நீ சொன்னது அந்தக் கிளியைத்தானா?"

"பின்ன எந்தக் கிளியை? நம்ம வீட்டுப் பின்னால கத்துச்சுல்லா. கேக்குதான்னு கேட்டேன், ம்னீங்க."

"கேக்கல பிரமு."

"லைன் சரியில்லையா?"

"லைன் இல்ல. எனக்கு. எனக்குத்தான் கேக்கல. ரொம்ப நாளாவே இருக்கும்னு நினைக்கிறேன். அது கத்துறது கேக்கல. சில்வண்டு கேக்கல. நீ..." தொட்டியின் விளிம்பும் அதற்குப் பக்கத்தில் ஈரமான கல்லும் இங்கிருந்து தெரியாது, கூரை மறைக்கிறது. ஆனாலும் அவர் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பிரமு, நீ துவைகல்லு பக்கத்துல விழுந்தியே. அன்னைக்கு நீ என்னைக் கூப்பிட்டியா?"

அந்தப் பக்கத்தில் குழந்தை ஏதோ தட்டியது கேட்டது, பாத்திரமாக இருக்கும். பிறகு அதுவும் நின்றது. போனை வலக்காதில் இன்னும் அழுத்திக்கொண்டார். காது மடல் வலித்தது. அவள் பேசாமல் இருக்கிறாளா, மெதுவாக ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன. பார்த்துத் தெரிந்துகொள்ள இங்கே பச்சைக்கோடு கிடையாது. பழக்கத்தில் ஒரு ம் தொண்டைவரை வந்து நின்றது. அவர் அதை விழுங்கினார்.

"என்ன சொன்னே பிரமு?" என்றார். "கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."